தானாக வந்து சேரும் காணொளிகள்

"பிள்ளைகளைக் கெடுக்கும் இணையக் காணொளிகளை, பதிவுகளையெல்லாம் அரசாங்கம் ஏன் ஒட்டுமொத்தமாகத் தடை செய்யக் கூடாது?" குழந்தைகளுக்கான மனநல ஆலோசகராக, பெற்றோரிடமிருந்து நான் அதிகம் கேட்கும் கேள்வி இது. கோபம் நியாயமானதுதான். ஆனால் பிள்ளைகளிடம் தனியாகப் பேசினால், தேடிப்போய்ப் பார்த்ததாகச் சொல்பவர்கள் குறைவு. "அதுவா வந்துச்சு" என்பார்கள். எடை குறைப்பது பற்றி ஒரு காணொளியை முழுதாகப் பார்த்துவிட்ட பெண்ணுக்கு, அடுத்தடுத்து பட்டினி கிடப்பதைப் பெருமையாகக் காட்டும் பதிவுகள் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் பல எந்தச் சட்டத்தையும் மீறாதவை. அவற்றை ஓயாமல் குவித்துத் தருகிற பரிந்துரை முறைதான் கெடுக்கிறது.

பிரிட்டனில் 2017இல் 14 வயதுச் சிறுமி ஒருத்தி தனக்குத்தானே தீங்கு செய்துகொண்டு இறந்தாள். மன அழுத்தத்தோடு, இணையத்தில் பார்த்தவற்றின் தீய விளைவும் அவளைப் பாதித்திருந்தது என்று 2022இல் மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார். அந்நாட்டின் 2023ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டம், பதிவை நீக்குவதோடு நிற்காமல், அது குழந்தையின் திரைக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதற்கும் நிறுவனத்தைப் பொறுப்பாக்குகிறது. மீறினால் உலகளாவிய வருவாயில் 10 சதவீதம் வரை அபராதம். எனக்கு இது சரியான திசையாகப் படுகிறது.

ஆஸ்திரேலியா வேறு வழியில் போனது. 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பெரிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்க 2025 டிசம்பர் 10 முதல் அனுமதி இல்லை. முகம் தெரியாதவர்கள் குழந்தையின் இன்பாக்ஸுக்குள் நுழைவதை இது குறைக்கலாம். ஆனால் கணக்கே இல்லாமல் யூடியூப் பார்க்க முடியும். கணக்கோடு சேர்ந்த பெற்றோர் கட்டுப்பாடுகள் அப்போது இருக்காது. (கணக்குத் தொடங்கப் பல தளங்கள் கேட்கிற அந்த 13 வயது இருக்கிறதே, அது குழந்தைகளின் இணையத் தகவல் தனியுரிமைக்கான 1998ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்திலிருந்து வந்தது. பிள்ளையின் பக்குவத்தை அளந்து வைத்த வயதல்ல.)

சட்டம் எப்படியிருந்தாலும், சில பிள்ளைகள் என்னிடம் வருவதற்குள் அந்தரங்கப் படம் கைமாறிப் போயிருக்கும். பணம் கேட்டு மிரட்டலும் வந்திருக்கும். பெரும்பாலும் அப்பா அம்மாவுக்குத் தெரிந்தால் போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயத்தில்தான் பிள்ளை இத்தனை நாள் வாய் திறந்திருக்காது. அதனால் முதலில் போனைப் பிடுங்காதீர்கள், திட்டாதீர்கள். பணம் அனுப்ப வேண்டாம். கொடுத்தால் மேலும் கேட்பார்கள். உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மிரட்டியவரின் கணக்கு விவரத்தைக் குறித்துக்கொண்டு, தளத்திலும் காவல்துறையிலும் புகார் கொடுங்கள். பிறகு அந்தக் கணக்கை பிளாக் செய்யலாம்.

'டேக் இட் டவுன்' என்றொரு இலவசச் சேவையும் இருக்கிறது. காணாமல் போன, சுரண்டப்பட்ட குழந்தைகளுக்கான அமெரிக்க தேசிய மையம் நடத்துவது. 18 வயதுக்குள் எடுக்கப்பட்ட படங்களுக்கானது இது. படத்தை எங்கும் பதிவேற்றத் தேவையில்லை. கைரேகை போல அந்தப் படத்துக்கே உரிய ஓர் எண் அடையாளம் உங்கள் கருவியிலேயே உருவாகி, அது மட்டும் இந்த ஏற்பாட்டில் சேர்ந்துள்ள தளங்களுக்குப் போகும். அதை வைத்து அவை அந்தப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கலாம். பிள்ளை பெயர் சொல்லாமலேயே, பெரியவர் துணையின்றிக்கூட இதைச் செய்ய முடியும். சேராத தளங்களுக்கும், அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே பார்க்கும்படி மறைகுறியாக்கப்பட்ட செய்திச் செயலிகளுக்கும் இது எட்டாது. அங்கே காவல்துறைப் புகார்தான் வழி.