சாவியைக் காட்டினார்கள், கோப்பை என்று வந்தது

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பள்ளிகளிலும் பயிற்சி மையங்களிலும் ஒரு காட்சி திரும்பத் திரும்ப நடந்தது. பேச்சு வராத ஆட்டிசக் குழந்தை ஒன்று உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் பயிற்சி பெற்ற உதவியாளர் ஒருவர், குழந்தையின் கையை அல்லது மணிக்கட்டை லேசாகத் தாங்கிப் பிடித்திருப்பார். குழந்தையின் விரல் விசைப்பலகையில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டும். பிறந்ததிலிருந்து ஒரு சொல் பேசாத பிள்ளை முழு வாக்கியம் எழுதும், பெற்றோர் மேலுள்ள பாசத்தைச் சொல்லும், கவிதைகூட எழுதும். அழாத பெற்றோர் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள். அந்த இடத்தில் போய் நின்று ‘இதை எழுதுவது யார்?’ என்று கேட்க யாருக்கு மனம் வரும்?

ஆனாலும் சிலர் கேட்டார்கள். எப்படிக் கேட்டார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இந்த முறை ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 1970களில் ரோஸ்மேரி கிராஸ்லி என்பவர் மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளிடம் தொடங்கியது. 1989இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் டக்ளஸ் பிக்லென் அங்கே போய்ப் பார்த்தார், வியந்தார், அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். 1990இல் அவருடைய கட்டுரை வெளியானது. அப்புறம் ‘ஃபெசிலிடேட்டட் கம்யூனிகேஷன்’, அதாவது ஒருவர் துணையோடு கருத்தைச் சொல்வது, என்ற பெயர் காட்டுத்தீயாகப் பரவியது. முறையாகச் சோதிக்கும் முன்பே ஆயிரக்கணக்கானோர் பயிற்சி எடுத்துவிட்டார்கள்.

எழுதுவது குழந்தையா, உதவியாளரா? நேராகக் கேட்டால் விடை கிடைக்காது. உதவியாளரைக் கேட்டால், ‘நான் தள்ளவில்லை, கை தானாகப் போகிறது’ என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் தெரிகிறது. பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கும் யார் கை யாரை நகர்த்துகிறது என்று பிடிபடாது. எழுத்தின் அழகும் உதவாது. குழந்தை எழுதினாலும் அது அழகாக இருக்கும், உதவியாளர் எழுதினாலும் அழகாக இருக்கும். இரண்டு விளக்கங்களுக்கும் ஒரே மாதிரி பொருந்துகிற சாட்சி ஆயிரம் பக்கம் குவிந்தாலும் ஒன்றுக்கும் ஆகாது. உளவியல் படிக்க வருகிற மாணவர்கள் முதலில் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான் என்று எனக்குத் தோன்றும். சாட்சியின் அளவைப் பார்க்கிறோம். அது எதை எதிலிருந்து பிரிக்கிறது என்று பார்ப்பதில்லை.

சரி, பிரிப்பது எப்படி? குழந்தைக்குத் தெரிந்த ஒன்று உதவியாளருக்குத் தெரியக் கூடாது. அவ்வளவுதான்.

நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகரில், வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கான ஓ.டி. ஹெக் மையத்தில் இதைச் செய்தார்கள். அங்கே அந்த முறை ஆர்வத்தோடு பயன்பாட்டில் இருந்தது. வெளியிலிருந்து குறை கண்டுபிடிக்க வந்தவர்களின் சோதனை இல்லை அது. பேச்சு வராத 12 பேர், உதவியாளர்கள் 9 பேர். மேசையில் ஒரு தடுப்பு வைத்தார்கள். இருவர் முன்னாலும் படம் வரும்; ஒருவர் படம் மற்றவருக்குத் தெரியாது. சில முறை இருவருக்கும் ஒரே படம். சில முறை வேறு வேறு படம். சில முறை உதவியாளருக்குப் படமே கிடையாது. கேள்வி எப்போதும் ஒன்றுதான்: நீ பார்த்தது என்ன?

இந்த மூன்று ஏற்பாடுகளில் ஒன்றைக்கூட விட முடியாது. உதவியாளருக்குப் படம் தெரியாதபோது பதில் வரவில்லை என்று மட்டும் பார்த்தால், ‘குழந்தைக்குப் படத்தின் பெயர் தெரியவில்லை, அன்று மனநிலை சரியில்லை’ என்று சமாதானம் சொல்லிவிடலாம். இருவருக்கும் ஒரே படம் காட்டும்போது சரியான விடை வருகிறதா என்று பார்த்தால் அந்தச் சமாதானம் அடிபடும். எல்லாவற்றையும்விடக் கூர்மையானது வேறு வேறு படம் காட்டும் சுற்று. அதில் வெறும் தவறை மட்டும் பார்ப்பதில்லை. தவறு எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்துவிடும்.

1993இல் முடிவு வெளியானது. உதவியாளருக்குத் தெரியாத படத்தை 12 பேரில் ஒருவர்கூடச் சரியாகத் தட்டவில்லை. வேறு வேறு படம் காட்டிய சுற்றுகளில் திரையில் வந்த சொல், பல முறை உதவியாளர் பார்த்த படத்தின் பெயர்.

இதே காலத்தில் மெய்ன் மாநிலத்தில் நடந்தது இன்னும் கொடுமை. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, பெற்றோரும் சகோதரனும் தன்னிடம் பாலியல் ரீதியாக நடந்துகொண்டார்கள் என்று ‘தட்டினாள்’. பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துவிட்டார்கள். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் ஹோவர்ட் ஷேனை அழைத்துச் சோதிக்கச் சொன்னார்கள். பெண்ணுக்கு ஒரு சாவியின் படம்; உதவியாளருக்கு ஒரு கோப்பையின் படம். விசைப்பலகையில் வந்தது ‘கோப்பை’. பெண்ணைத் தனியாக வெளியே அழைத்துப் போய் ஒரு பொருளைக் காட்டிப் பேசிவிட்டுத் திரும்பி வந்து கேட்டபோதும் சரியான சொல் வரவில்லை. குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. அந்த உதவியாளரின் பெயர் ஜானிஸ் பாய்ன்டன். அந்த முறையை விட்டுவிட்டு, பிற்காலத்தில் நடந்ததைத் தாமே வெளிப்படையாக எழுதினார். அதைச் செய்ய நிறையத் துணிச்சல் வேண்டும்.

தாம்தான் எழுதுகிறோம் என்று அந்த உதவியாளருக்கே எப்படித் தெரியாமல் போனது? இது புதிய புதிர் இல்லை. 1853இல் லண்டனில் மேசை சுற்றும் விளையாட்டு பெரிய பித்தாக இருந்தது. மேசைமேல் கைவைத்து உட்கார்ந்தால் ஆவி வந்து மேசையை நகர்த்தும் என்றார்கள். மின்னியல் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே இதில் இறங்கினார். அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக, இளகிய பசை வைத்து அடுக்கி, கைக்கும் மேசைக்கும் நடுவே வைத்தார். மேசை முதலில் நகர்ந்தால் கீழ் அட்டை முந்தும். கை முதலில் நகர்ந்தால் மேல் அட்டை முந்தும். முந்தியது மேல் அட்டை. அப்புறம், கையின் பக்கவாட்டு அழுத்தத்தைக் காட்டுகிற ஒரு முள்ளை அவர்கள் கண்முன் வைத்தார். முள்ளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தவர்களின் மேசை நகரவே இல்லை. ஹாஸ்டல் அறையில் நாணயத்தின்மேல் விரல் வைத்து ஆவியிடம் பரீட்சை முடிவு கேட்டவர்கள், அடுத்த முறை கண்ணைக் கட்டிக்கொண்டு, எழுத்துப் பலகையையும் யாரையாவது திருப்பி வைக்கச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம்.

எதிர்பார்ப்பு சின்னச் சின்னத் தசை அசைவாக மாறும். அசைத்தவருக்கே அது தெரியாது. பெர்லினில் கணக்குப் போட்ட குதிரை ஹான்ஸும் கேள்வி கேட்டவரின் தலையசைவைப் பார்த்துத்தான் குளம்பைத் தட்டி நிறுத்தியது என்று 1907இல் ஆஸ்கர் ஃபங்ஸ்ட் காட்டினார். கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் கணக்கு மறந்துபோனது.

ஆதரவாளர்கள் சும்மா இருக்கவில்லை. சோதனை என்பதே சந்தேகம், சந்தேகம் குழந்தையின் நம்பிக்கையைக் குலைக்கிறது, அதனால்தான் தட்ட முடியவில்லை என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சரி என்று, பழகிய இடத்தில், பழகிய உதவியாளரோடு, அவசரமில்லாமல் செய்து பார்த்தவர்களும் உண்டு. கட்டுப்பாடு இறுக இறுகச் சரியான விடைகள் காணாமல் போயின. தவிர, இந்த வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. பயந்துபோன குழந்தை தட்டாமல் இருக்கலாம், உளறலாம். உதவியாளரின் தாளில் மட்டுமே இருக்கும் படத்தின் பெயரை அது எப்படித் தட்டும்?

1994 ஆகஸ்டில் அமெரிக்க உளவியல் சங்கம், இந்த முறைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று தீர்மானம் போட்டது. இங்கே ஒன்றைக் கலந்துவிடக் கூடாது: யாரும் தொடாமல், தானே படத்தைச் சுட்டியோ கருவியில் தட்டியோ பேசுகிற பிள்ளைகள் உண்டு. அந்த முறைகள் வேறு. அவற்றுக்கு ஆதாரம் இருக்கிறது. கைபிடித்த முறையால் ஏற்பட்ட இழப்புகளில் ஒன்று, அந்த நேரத்தில் பிள்ளைக்கு இவற்றைச் சொல்லிக் கொடுக்காமல் போனது.

இப்போது சில இடங்களில் உதவியாளர் கையைப் பிடிப்பதில்லை. எழுத்துப் பலகையைக் காற்றில் தூக்கிப் பிடிக்கிறார், குழந்தை சுட்டுகிறது. பெயர்களும் மாறியிருக்கின்றன. கை தொடவில்லையே என்கிறார்கள். பலகை அவர் கையில் இருக்கிறது; விரல் எங்கே விழ வேண்டும் என்பதைப் பலகையை லேசாகச் சாய்த்தே தீர்மானிக்கலாம், அவருக்கே தெரியாமல். சோதிக்க வேண்டியது என்னவோ பழையதுதான்: இரண்டு படங்கள், நடுவே ஒரு தடுப்பு, ஒரு மதிய நேரம். ஆனால் இந்த முறைகளை முன்னெடுப்பவர்கள் பலர் அதற்கு உட்கார மறுக்கிறார்கள்.