சிலைக்குப் புளி போடலாமா?

நீலகிரி வெலிங்டன் டீக்கடையில் பழக்கமான ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர், டெல்லி தீன் மூர்த்தியில் நிற்கும் மூன்று வெண்கலக் குதிரைப்படை வீரர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் உலகப்போரில் இறந்த ஹைதராபாத், ஜோத்பூர், மைசூர் வீரர்களுக்காக 1922இல் வைத்த நினைவுச்சின்னம் அது. "எங்க பித்தளை பட்டனை தினம் துலக்கச் சொன்னாங்க தம்பி. அந்தச் சிலைக்கு ஒரு கை புளி போட்டுத் தேய்க்க ஆளில்லையா?"

ஆள் இருந்தாலும் தேய்க்கக் கூடாது.

சிலை வெண்கலத்தில் சுமார் ஒன்பது பங்கு செம்பு, ஒரு பங்கு வெள்ளீயம். வார்த்த புதிதில் பொன்னிறமாக மின்னும். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டுப் பழுப்பாகும். அப்புறம் ஈரமும் புகையிலிருந்து வரும் கந்தகமும் சேர, பல வருடங்களில் பச்சை ஏறும். நாம் களிம்பு என்கிறோமே, அதுதான். இரும்புத்துரு உப்பி உதிர்ந்து அடுத்த அடுக்கையும் தின்னும். இந்தப் பச்சையோ தண்ணீரில் எளிதில் கரையாமல் உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு, மேற்கொண்டு அரிப்பதை மட்டுப்படுத்தும். புண்ணுக்குப் போடுவதும் களிம்புதானே! 1886இல் திறந்த நியூயார்க் சுதந்திரதேவிக்கு வெறும் 2.4 மில்லிமீட்டர் செப்புத் தகடுதான் தோல். பச்சைப் போர்வையோடு இன்றும் நிற்கிறாள்.

புளியின் அமிலம் களிம்பைக் கரையும் உப்பாக மாற்றிவிடும். அதே வேலை சமையலில் நடந்தால் குழம்பு விஷமாகும் என்றுதான் செம்பு, பித்தளைப் பாத்திரத்துக்கு வெள்ளீயம் பூசினார்கள். சிலையில் நடந்தால் மூக்கும் மீசையும் கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கும்.

நீலகிரியில் ஒரு வெண்கலச் சிப்பாயை நிறுத்தினால் அவருக்குப் பெரிய தொல்லை பனித்துளியும், மஞ்சு என்கிற மூடுபனியும்தான். தெளிந்த இரவில் உலோகம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துபோகும். விடிவதற்குள் உடம்பெல்லாம் நீர் பூக்கும். மழை கழுவிக்கொண்டு ஓடும். மஞ்சு அப்படியே உட்காரும். அதன் துளிகள் பொடிசு என்பதால் கரைந்த அழுக்கும் அமிலமும் மழைத்துளியைவிடச் செறிவாக இருக்கும். நீர் எப்போதும் ஒரே தடத்தில் வழிவதால் கன்னத்தில் வெளிர்பச்சைக் கோடு விழும். மழை படாத தொப்பி விளிம்பின் அடியில் கரி படியும். சிப்பாய் அழுவதுபோலத் தெரிவது இதனால்தான்.

பராமரிப்பு எளிது. மென்மையான சோப்பு நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, மெழுகை மெல்லிசாகப் பூசித் துணியால் தேய்ப்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை போதும். நீர் மெழுகின் மேலேயே உருண்டு ஓடிவிடும்.

பெரியவர் தன் கறுப்பு ஷூவைப் பார்த்தார். "அப்போ செரிதான். பாலிஷ் போடணும், புளி போடக் கூடாது."

ஷூ பாலிஷிலும் மெழுகுதான் இருக்கிறது.