ஜி.டி.பி.ஆர்.: சட்டம் ஒன்றுதான், நாட்டுக்கு நாடு எது மாறுகிறது?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 27 நாடுகளிலும் தனிநபர் தரவைக் காப்பது ஜி.டி.பி.ஆர். (பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை) என்ற ஒரே சட்டம். 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பிருந்த 1995-ஆம் ஆண்டுச் சட்டம் ‘டைரக்டிவ்’ வகை: இலக்கை ஒன்றியம் சொல்லும், சட்டத்தை அந்தந்த நாடாளுமன்றம் எழுதிக்கொள்ளும். ஆளுக்கொரு மாதிரி எழுதினார்கள். ஜி.டி.பி.ஆர். ‘ரெகுலேஷன்’ வகை; உள்நாட்டில் யாரும் எதுவும் எழுதாவிட்டாலும் நேரடியாகச் செல்லும். ஸ்லோவேனியாவின் துணைச் சட்டம் 2023 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பும் அங்குள்ளவர்களுக்கு ஜி.டி.பி.ஆர். தரும் உரிமைகள் இருந்தன.

சில விஷயங்களை மட்டும் நாடுகளின் முடிவுக்கு விட்டிருக்கிறார்கள். இணையச் சேவைக்குப் பிள்ளைகள் தாங்களே ஒப்புதல் தரும் வயது 16. 13 வரை குறைத்துக்கொள்ளலாம். ஜெர்மனியில் 16, பிரான்சில் 15, இத்தாலியில் 14, பெல்ஜியத்தில் 13.

சாதாரண மனிதருக்கு அதிகம் பயன்படுவது 15-ஆவது பிரிவு. உங்களைப் பற்றி ஒரு நிறுவனம் வைத்திருக்கும் தரவின் நகலைக் கேட்டு வாங்கலாம். குடியுரிமை தேவையில்லை; படிக்கவோ வேலைக்கோ போனவரும் கேட்கலாம். முதல் நகல் இலவசம். நிறுவனத்தின் தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தில் தரவுப் பாதுகாப்பு அலுவலரின் மின்னஞ்சல் இருந்தால் அதற்கே எழுதுங்கள். “15-ஆவது பிரிவின்படி என் தரவின் நகல் வேண்டும், எதற்குப் பயன்படுத்துகிறீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்றும் சொல்லுங்கள்” என்று எழுதினால் போதும். தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வர வேண்டும். சிக்கலான கோரிக்கை என்றால் இன்னும் இரண்டு மாதம் எடுக்கலாம். அதையும் காரணத்தோடு முதல் மாதத்திலேயே தெரிவிக்க வேண்டும்.

பெரும்பாலும் சிக்குவது அடையாளச் சான்றில்தான். நீங்கள் யார் என்பதில் நியாயமான சந்தேகம் இருந்தால்தான் நிறுவனம் கூடுதல் விவரம் கேட்கலாம். கணக்கில் பதிவான மின்னஞ்சலிலிருந்தே எழுதினால் அந்தச் சந்தேகத்துக்கு இடம் குறையும். எடுத்த எடுப்பில் பாஸ்போர்ட் நகலை அனுப்பிவிடாதீர்கள்.

பதில் வராவிட்டால் நீங்கள் வசிக்கும் நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் புகார் செய்யலாம், கட்டணம் கிடையாது. நிறுவனத்தின் ஐரோப்பியத் தலைமையகம் அயர்லாந்தின் டப்ளினில் இருந்தாலும், பிரான்சின் லியோனில் இருப்பவர் பிரெஞ்சு ஆணையத்துக்குப் பிரெஞ்சிலேயே எழுதலாம். வழக்கை அயர்லாந்து ஆணையம் முன்னின்று நடத்தும். மற்ற ஆணையங்கள் ஆட்சேபித்து உடன்பாடு எட்டாவிட்டால் ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியம் முடிவு செய்யும். இதனால்தான் எல்லை தாண்டிய புகார்கள் இழுத்துக்கொண்டே போகின்றன. மூன்று மாதமாகியும் புகாரின் நிலையை ஆணையம் தெரிவிக்கவில்லை என்றால், அந்த ஆணையத்தின் மீதே நீங்கள் நீதிமன்றம் போகலாம்.