நிறத்தை விட்டு உருவத்தைப் பார்ப்போம்: நம் வானத்து வேட்டைப் பறவைகள்

சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகள் கரை சேரும் காலை வேளையில், மீன் கழிவுகளுக்காக வட்டமிடும் பறவைகளில் இரண்டு இனங்கள் எளிதில் கண்ணில் படும். உடல் முழுவதும் மங்கிய பழுப்பாக இருப்பது கள்ளப்பருந்து. தலையும் மார்பும் வெண்மையாகவும் மற்ற பகுதிகள் செங்கல் நிறமாகவும் இருப்பது செம்பருந்து. கருடன் என்று மக்கள் கைகூப்பி வணங்குவது இதைத்தான். பறவை நோக்கத் தொடங்கிய முதல் சில ஆண்டுகளில், பழுப்பாகப் பறந்த அனைத்தையும் கள்ளப்பருந்து என்றே என் குறிப்பேட்டில் எழுதிவந்தேன். ஒரு நாள், அவ்வாறு எழுதி முடித்த பறவையொன்று என் தலைக்கு மேலே தாழப் பறந்து திரும்பியபோது, அதன் வால் விசிறியைப் போல வட்டமாக விரிந்தது. கள்ளப்பருந்தின் வால் நுனி நடுவில் பிளவுபட்டிருக்கும். அதை முழுவதுமாக விரித்தால் பிளவு மறைந்து நுனி நேர்கோடாகத் தெரியுமே தவிர, ஓரங்கள் கூர்மையாகவே நிற்கும், ஒருபோதும் வட்டமாகாது. நான் பார்த்தது, வெண்தலை இன்னும் வந்திராத இளம் செம்பருந்து.

அந்தத் தவறு ஒரு பெரிய உண்மையைக் காட்டியது. வேட்டைப் பறவைகளைப் பொறுத்தவரை நிறம் மிகவும் நம்பகமற்ற சான்று. ஒளிமிக்க வானத்தைப் பின்னணியாகக் கொண்டு பறக்கும் பறவையின் அடிப்பகுதி நிழலில் இருப்பதால், வெண்மையான மார்புகூடச் சாம்பல் நிறமாகத் தெரியும். மணற்பாங்கான நிலத்தின்மேல் பறக்கும்போது தரையிலிருந்து எதிரொளிக்கும் வெளிச்சம் அதே மார்பைப் பளிச்சென்று காட்டும். பருவத்தாலும் பாலினத்தாலும் வரும் வேறுபாடுகள் இதனோடு சேர்கின்றன. இவற்றுக்கெல்லாம் மேலாக, ஒரே இனத்திலேயே பல நிறங்கள் உண்டு. தேன்பருந்தில் ஏறக்குறைய வெண்மையானதிலிருந்து கரும்பழுப்பு வரை அத்தனை சாயலும் இருப்பதால், அடுத்தடுத்துப் பறக்கும் இரண்டை வேறு வேறு இனங்கள் என்றே ஒருவர் சாதித்துவிட முடியும். ஆனால் புறாவின் தலையைப் போன்ற சிறிய தலையும், நீண்டு தெரியும் கழுத்தும், அகலமான பட்டைகள் கொண்ட வாலும் நிற வேறுபாடுகளைக் கடந்து அதைக் காட்டிக்கொடுக்கும். குளவிக் கூட்டையும் தேன்கூட்டையும் பிய்த்துப் புழுக்களைத் தின்னும் பறவை அது. கொட்டுகளிலிருந்து முகத்தைக் காக்கக் கண்ணைச் சுற்றிச் செதில்களைப் போன்ற அடர்ந்த இறகுகள் அதற்கு அமைந்திருக்கின்றன.

ஆகவே உருவத்தையும் பறக்கும் முறையையும் முதலில் பார்க்க வேண்டும். இவை ஏமாற்றாததற்குக் காரணம், ஒவ்வோர் இனத்தின் சிறகும் வாலும் அது இரை தேடும் முறைக்கு ஏற்ப அமைந்தவை என்பதே.

வட்டமிடுதலை எடுத்துக்கொள்வோம். காலை ஒன்பது, பத்து மணிக்கு முன்பு பெரிய கழுகுகள் வானில் அரிதாகவே தெரியும். வெயில் ஏறியதும் பாறைகளும் உழுத நிலமும் வறண்ட ஏரிப்படுகையும், அருகிலுள்ள நீரையும் பசும்பயிரையும் விட விரைவில் சூடாகின்றன. அவற்றின்மேல் உள்ள காற்று சூடேறி, இலேசாகி, தூணைப்போல மேலே எழுகிறது. அந்தத் தூணுக்குள் நுழைந்த பறவை, வெளியே போய்விடாமல் இருக்க வட்டமிடுகிறது. காற்றைப் பொறுத்தவரை அது ஒவ்வொரு நொடியும் கீழே சறுக்கிக்கொண்டுதான் இருக்கிறது; ஆனால் அந்தக் காற்று அதைவிட வேகமாக மேலே போவதால், மேலேறும் நகரும் படிக்கட்டில் நின்று மெதுவாகக் கீழ்நோக்கி நடப்பவரைப் போல, பறவை மொத்தத்தில் உயரவே செய்கிறது. போதிய உயரம் கிடைத்ததும் அடுத்த வெப்பத்தூணை நோக்கிச் சறுக்கிச் செல்கிறது. சிறகடிப்புக்குச் செலவாகும் ஆற்றலில் சிறு பங்கே இதற்குப் போதும்.

இந்த வாழ்க்கைக்கு அகன்ற சிறகு வேண்டும். அதே சமயம் குறுகலான தூணுக்குள் திரும்ப வேண்டியிருப்பதால் சிறகு மிக நீளமாகவும் இருக்கக்கூடாது. அகன்று குட்டையான சிறகில் ஓர் இடர் உண்டு: கீழ்ப்புறத்து அழுத்தம் மிகுந்த காற்று நுனியைச் சுற்றி மேல்நோக்கிச் சுழல்வதால் பறவை பின்னோக்கி இழுக்கப்படுகிறது. கழுகுகளின் சிறகு நுனி விரித்த கைவிரல்களைப் போலத் தனித்தனி இறகுகளாகப் பிரிந்திருப்பது, அந்தப் பெருஞ்சுழலைப் பல சிறு சுழல்களாகப் பிரித்து இழுவையைக் குறைக்கிறது. வானில் விரல்கள் தெரிகின்றனவா என்று பார்ப்பதே நான் செய்யும் முதல் சோதனை. தெரிந்தால் பருந்து, கழுகு, பாறு (பிணந்தின்னிக் கழுகு என்று பலரும் சொல்வது) ஆகியவற்றின் பக்கம் தேடலாம். சிறகு அரிவாளைப் போல நீண்டு கூர்மையாக முடிந்தால் அது பொரி வல்லூறு போன்ற வேகப் பறவை. மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் பாய்ந்து, பறக்கும் புறாவை நடுவானில் அடிக்கும் பறவை அது; குளிர்காலத்தில் உயரமான கட்டடங்களிலும் கோபுரங்களிலும் அமர்ந்திருப்பதைக் காணலாம். தோற்றம் ஒத்திருந்தாலும் இந்தக் கூர்ஞ்சிறகுக் கூட்டம் பருந்துகளுக்கு நெருங்கிய உறவல்ல, கிளிகளுக்கே உறவு என்று மரபணு ஆய்வுகள் 2008 முதல் காட்டிவருகின்றன.

வட்டமிடும் பறவைகளைத் தேடி வானத்தையே பார்ப்பவர்கள் தவறவிடுவது தோட்டத்து வல்லூறை. பெயர் ஒத்திருந்தாலும் இது பொரி வல்லூறின் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல. வைரி என்றும் வழங்கும் இது காக்கையைவிடச் சிறியது. குட்டையான வட்டச் சிறகும் நீண்ட வாலும் கொண்ட இதன் உடல், மரக்கிளைகளுக்கிடையே சட்டென்று திரும்புவதற்கானது. சில விரைவான சிறகடிப்புகள், பிறகு ஒரு சறுக்கல், மீண்டும் சிறகடிப்பு என்ற தாளத்தில் பறக்கும். மறைவிடத்திலிருந்து ஓணானின்மீதோ சிறு குருவியின்மீதோ பாயும். பெண் ஆணைவிடப் பெரியது. முதிர்ந்த ஆணின் கண் சிவப்பு, பெண்ணின் கண் மஞ்சள். இதை நான் கண்ணால் தேடுவதை விட்டு வெகுகாலமாகிறது. அணில்கள் ஒரே இடத்தில் நின்று விடாமல் கத்துவதும், தவிட்டுக்குருவிகள் புதரைச் சுற்றி ஆர்ப்பரிப்பதும் கேட்டால் அருகிலுள்ள அடர்ந்த மரத்தைப் பார்க்கிறேன். பெரும்பாலும் வல்லூறு அங்கே இருக்கிறது. அங்கே அக்காக்குயில் இருப்பதும் உண்டு. நிறத்திலும் வால் பட்டைகளிலும் பறக்கும் தாளத்திலும் அது வல்லூறை அப்படியே ஒத்திருக்கும். தவிட்டுக்குருவியின் கூட்டில் திருட்டு முட்டையிட வரும் அதற்கு, கூட்டுக்காரர்களை விரட்ட இந்த வேடம் உதவுகிறது. அமர்ந்த நிலையில் அலகைப் பார்த்தால் போதும். கொக்கிபோல் வளையாத அலகு குயிலினுடையது.

பறக்கும் முறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, காற்றில் ஒரே இடத்தில் நிற்பது. புல்வெளிக்கு மேலே சிற்றெழால் காற்றை எதிர்த்து நின்று, காற்று தன்னைப் பின்னே தள்ளும் அதே வேகத்தில் முன்னே பறக்கிறது. தரையைப் பொறுத்தவரை அது அசைவதில்லை. இன்னும் வியப்பானது அதன் தலை. சிறகும் உடலும் வாலும் காற்றுக்கேற்ப ஆடிக்கொண்டிருக்க, கழுத்து அந்த ஆட்டம் முழுவதையும் ஈடுகட்டித் தலையை ஒரே புள்ளியில் நிறுத்துகிறது. கண்ணில் விழும் காட்சி அசையாதிருந்தால்தான் புல்லுக்குள் அசையும் எலியோ வெட்டுக்கிளியோ தனித்துத் தெரியும். இவ்வாறு நிற்கும் பறவை செம்பழுப்பாகவும் நீண்ட வாலுடனும் இருந்தால் சிற்றெழால். வெண்சாம்பல் உடலும் கறுத்த தோளும் சிவந்த கண்ணும் கொண்டு, பின்பு சிறகுகளை மேலே உயர்த்தியபடி படிப்படியாகக் கீழிறங்கினால் கருந்தோள் பருந்து. மின்கம்பியில் அமர்ந்திருக்கும்போது வாலை மெல்ல உயர்த்தித் தாழ்த்துவதும் பின்னதன் வழக்கம். ஒன்றரை மீட்டருக்கு மேல் சிறககலம் கொண்ட பெரும் பறவை ஒன்று இதே வேலையைச் செய்தால், ஆந்தையைப் போன்ற பெருந்தலையைத் தேடிப் பாருங்கள். அது குட்டைவிரல் பாம்புக்கழுகாக இருக்கும்.

குளிர்காலத்தில் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தில் வாத்துகள் காரணமின்றி ஒட்டுமொத்தமாக எழுந்தால், கோரைகளுக்குச் சற்று மேலே தாழப் பறக்கும் பூனைப்பருந்தைக் காணலாம். அது சறுக்கும்போது சிறகுகள் மேல்நோக்கி விரிந்த கவையைப் போல நிற்கும். உடல் ஒரு பக்கம் சாய்ந்தால், தாழ்ந்த சிறகுக்குக் கூடுதல் தூக்குவிசை கிடைத்து உடல் தானாக நிமிர்கிறது. தரையை ஒட்டி மெதுவாகப் பறந்தபடி கீழேயே கவனம் செலுத்தும் பறவைக்கு இந்த அமைப்பு மிகவும் ஏற்றது. முகத்தில் ஆந்தையைப் போன்ற வட்டம் இருப்பதால், புல்லுக்குள் நடக்கும் சலசலப்பையும் அது காதால் பிடிக்கிறது.

சங்கப் பாடல்கள் பருந்து, எழால், எருவை என்று பெயர் பிரித்துப் பேசியிருக்க, இன்று நாம் எல்லாவற்றையும் கழுகு என்று அழைப்பது எனக்கு வருத்தம் தருகிறது. திருக்கழுக்குன்றத்தில் பட்டர் கையால் உணவுண்ண வந்த பறவைகளும் உண்மையில் கழுகுகள் அல்ல, மஞ்சள் முகப் பாறுகள். வெண்ணுடலும் கறுத்த சிறகிறகுகளும் ஆப்பைப் போன்ற வாலும் அவற்றின் அடையாளம். சில பத்தாண்டுகளாக அவை அங்கு வருவதில்லை. நாடெங்கும் பாறுகள் பெருமளவில் அழிந்ததற்கு முதன்மைக் காரணம், கால்நடைகளுக்குத் தரப்பட்ட டைக்ளோஃபினாக் என்னும் வலி மருந்து. அம்மருந்து தங்கிய சடலத்தைத் தின்ற பாறுகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. 2006இல் அதைக் கால்நடை மருத்துவத்துக்குத் தடை செய்தார்கள். இன்று தமிழ்நாட்டில் பாறுகளைக் காண மாயாற்றுப் பள்ளத்தாக்கின் வானத்தைத்தான் பார்க்க வேண்டும்: பலகையைப் போல அகன்ற சிறகு, குட்டையான வால், உடலுக்குப் பொருந்தாத சிறு தலை.

தொடங்குபவர்களுக்கு எட்டு மடங்கு பெரிதாக்கும் இருநோக்கியும் ஒரு பென்சிலும் போதும். சூரியனை முதுகுக்குப் பின்னே வைத்து நின்றுகொள்ளுங்கள், கூட்டை நெருங்காதீர்கள். பறவையைக் கண்டதும் பெயரைத் தேடாமல், சிறகு நுனி, வால் நுனி, தலையின் அளவு, சறுக்கும்போது சிறகு நிற்கும் கோணம் ஆகிய நான்கையும் கோட்டுருவமாக வரைந்துவிட்டு, நிறத்தைக் கடைசியில் எழுதுங்கள். என் காசிமேட்டுக் குறிப்பேட்டில், வால் நுனியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத பழைய பதிவுகள் அனைத்திலும் கள்ளப்பருந்து என்பதை அடித்து, பருந்து, இனம் உறுதியில்லை என்று திருத்தியிருக்கிறேன்.