புழுவெட்டுக்கு எதிர்ப்புச் சக்திக் குறைவா காரணம்?

தலையிலோ தாடியிலோ திடீரென்று வட்டமாக முடி கொட்டி, அந்த இடம் வழவழவென்று ஆகிவிட்டால் புழுவெட்டு என்கிறோம். மருத்துவப் பெயர் அலோபீசியா ஏரியேட்டா. கிரேக்கத்தில் அலோபெக்ஸ் என்றால் நரி. சொறி பிடித்த நரிக்கு முடி உதிர்வதை வைத்து வந்த பெயர். ஏரியா லத்தீன், வெற்றிடம். பூர்வீகம் அவ்வளவுதான்.

இந்த நோயில் புழுவும் கிடையாது, பூச்சியும் கிடையாது, யாருக்கும் ஒட்டாது. ஆனாலும் புழுவெட்டு என்ற சொல்லை விடச் சொல்ல மாட்டேன். கேட்டதும் எல்லாருக்கும் புரிகிறதே.

எரிச்சல் வருவது காரணம் சொல்லும் இடத்தில்தான். 'ஆட்டோஇம்யூன்' (உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குவது) என்று வந்தாலே தமிழில் 'நோய் எதிர்ப்புச் சக்திக் குறைபாடு' என்று எழுதித் தள்ளுகிறார்கள். குறைபாடு என்பது எய்ட்ஸில் நடப்பது. புழுவெட்டில் எதிர்ப்பு குறையவில்லை, ஆள் தெரியாமல் அடிக்கிறது. வளரும் பருவத்தில் இருக்கும் மயிர்க்கால் சாதாரணமாக எதிர்ப்பு அணுக்களின் கண்ணில் படாது. அந்த மறைவு கலைந்ததும் டி செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள் வேரைச் சூழ்ந்து தாக்குகின்றன. வட்டத்தின் ஓரத்தில் பார்த்தால், அடிப்பக்கம் மெலிந்து ஆச்சரியக்குறி மாதிரி ஒடிந்து நிற்கும் முடிகள் தெரியும். மயிர்க்கால் அழிவதில்லை, அதனால் திரும்ப முளைக்க வாய்ப்புண்டு, முதலில் பெரும்பாலும் வெள்ளையாக.

'குறைபாடு' என்று படித்தவர் என்ன செய்வார்? சக்தியைக் கூட்ட மாத்திரை தேடுவார். மருத்துவர் கொடுப்பதோ எதிர்ப்பை அடக்கும் மருந்து: திட்டில் ஸ்டீராய்டு ஊசி, தீவிரமாக இருந்தால் பாரிசிட்டினிப் போன்றவை (அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது 2022இல்). நேர் எதிர்த்திசை!

சரி, ஆட்டோஇம்யூன் நோயைத் தமிழில் வேறு என்ன சொல்வது? 'சுய நோயெதிர்ப்பு நோய்' என்கிறார்கள் சிலர். நோயை எதிர்க்கும் நோயா? ஆங்கிலத்தைத் துண்டு துண்டாக வெட்டி அதே வரிசையில் ஒட்டினால் இப்படித்தான் வரும். வாய்விட்டு ஒரு தடவை படித்துப் பார்த்திருந்தால் எழுதியவருக்கே சிரிப்பு வந்திருக்கும். 'தன்னெதிர்ப்பு' சுருக்கமானது, கேட்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் தன்னம்பிக்கை, தன்முயற்சி என்று பழகிய காதுக்கு அது ஏதோ நல்ல குணம் போல ஒலிக்கிறது. உடம்பே தன்னை எதிர்க்கிறது என்ற பொருள் விளக்காமல் வராது. 'தன்னுடல் தாக்குநோய்' என்பதில் யார் தாக்குகிறார், எதைத் தாக்குகிறார் இரண்டுமே வந்துவிடுகின்றன. என் ஓட்டு அதற்குத்தான். நீளம் என்பார்கள். தலைப்பில் இடமில்லை என்றால் ஆட்டோஇம்யூன் என்றே போட்டுவிட்டுப் போகட்டும், 'குறைபாடு' மட்டும் வேண்டாம்.