குரங்குக்கு வைட்டமின் ஏ: கேரட் வேறு, சொட்டு மருந்து வேறு

கூண்டில் இருக்கும் குரங்குக்கு முடி கொட்டினாலோ தோல் வறண்டு செதில் செதிலாக உரிந்தாலோ, வளர்ப்பவர் மனதில் முதலில் வருவது "சத்துக் குறைவாக இருக்கும், வைட்டமின் கொடுத்துப் பார்ப்போம்" என்பதுதான். ஆனால் வைட்டமின் ஏ குறைந்தாலும் தோல் கெடும், கூடினாலும் தோல் கெடும். வெளியிலிருந்து பார்த்து இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது.

குறைவு வராமலில்லை. வாழைப்பழமும் ஆப்பிளும் ரொட்டியும் மட்டுமே தின்று வளரும் குரங்குக்கு இந்தச் சத்து அதிகம் கிடைப்பதில்லை. நாளடைவில் மங்கல் வெளிச்சத்தில் பார்வை தடுமாறும், கண்ணின் மேற்பரப்பு உலரும், சளித்தொல்லை அடிக்கடி வரும். இதற்கு வைத்தியம் சுலபம். கூடுதலாகப் போனால் சரிசெய்வதுதான் கஷ்டம்.

கேரட், கீரை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு இவற்றில் இருப்பது வைட்டமின் ஏ இல்லை, அதற்கான மூலப்பொருளான பீட்டா கரோட்டின். குடல் சுவரில் உள்ள ஒரு நொதி அதை நடுவில் வெட்டித்தான் வைட்டமினாக மாற்றுகிறது, உடலில் ஏற்கெனவே போதுமான அளவு இருந்தால் அந்த நொதியின் உற்பத்தியும் கரோட்டினை உள்ளே இழுப்பதும் தானாகவே குறைந்துவிடும். அதனால் கேரட்டை அளவுக்கு மீறித் தின்றாலும் விஷமாகும் அளவுக்குப் போகாது. வைட்டமின் சொட்டு மருந்திலும் பெரும்பாலான தீவனங்களிலும் இருப்பதோ ஏற்கெனவே தயாரான வைட்டமின் ஏ, அதாவது ரெட்டினால் வகை. இதற்கு வாசலில் கெடுபிடியே கிடையாது. கொழுப்போடு சேர்ந்து அப்படியே உள்ளே போகும், நீரில் கரையாது என்பதால் வைட்டமின் சி மாதிரி சிறுநீரில் வெளியேறவும் செய்யாது.

எல்லாம் போய்ச் சேருமிடம் கல்லீரல். அங்கே நட்சத்திர வடிவச் செல்கள் சில, கொழுப்புத் துளிகளுக்குள் இதைப் பத்திரப்படுத்துகின்றன. நுண்ணோக்கியில் புறஊதா ஒளி பாய்ச்சினால் அந்தத் துளிகள் நீலப்பச்சையாக மின்னும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கியும் போகும். எனக்கு இது ஒரு அழகான காட்சி. அதே செல்கள் தூண்டப்பட்டால்தான் கல்லீரலில் நார்த்திசு படிய ஆரம்பிக்கிறது என்பது அழகில்லாத பாதி.

சரி, ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடாதா? தெரியாது. கல்லீரல் ரத்தத்துக்கு ரெட்டினாலை அளந்து அளந்துதான் விடும். கையிருப்பு கொஞ்சமாக இருந்தாலும் நிரம்பி வழிந்தாலும் ரத்தத்தில் ஏறக்குறைய ஒரே அளவுதான். கிட்டத்தட்ட எல்லாம் தீர்ந்த பிறகே எண் இறங்கும். மிகைக்குத் தடயம் வேண்டுமென்றால் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து ரெட்டினைல் எஸ்டர் (கொழுப்பு அமிலத்தோடு இணைந்த ரெட்டினால்) பார்க்க வேண்டும், சாதாரணமாக யாரும் அதைக் கேட்பதில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சின் ஆய்வாளர்கள் 2001ல் கூண்டில் வளர்ந்த ரீசஸ் குரங்குகளின் கல்லீரலையே அளந்தார்கள். ஒரு கிராம் கல்லீரலில் வைட்டமின் ஏ 1 மைக்ரோமோலை (சுமார் 0.29 மில்லிகிராம் ரெட்டினால்) தாண்டினாலே மிகை என்பது வழக்கமான வரம்பு. இவற்றில் அதைப் பல மடங்கு தாண்டியிருந்தது. அவை தின்றது வழக்கமான தீவனம்தான்.

காரணம் புரியாத ஒன்றில்லை. வெளிச்சத்திலும் சூட்டிலும் காற்றிலும் வைட்டமின் ஏ சிதையும் என்பதால் தீவனம் தயாரிப்பவர்கள் முன்கூட்டியே கொஞ்சம் தாராளமாகப் போடுவார்கள். மூட்டை புதிதாக இருந்தால் அந்தத் தாராளம் முழுக்கக் குரங்கின் வயிற்றுக்குத்தான். அதற்கு மேல் பழத்தில் வைட்டமின் பொடி தூவுகிறோம், அதையும் சில குரங்குகள் துடைத்துவிட்டுத்தான் வாயில் போடும், கூட்டத்தில் பெரிய ஆளோ எல்லார் பங்கையும் பிடுங்கித் தின்றுவிடும். யாருக்கு எவ்வளவு போனது என்ற கணக்கே நிற்காது.

அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 2003ல் சொன்ன அளவு, ஒரு கிலோ உலர் உணவுக்கு 8,000 சர்வதேச யூனிட் (IU). ஒரு குரங்கு நாளுக்கு 200 கிராம் உலர் உணவு தின்றால் 1,600 யூனிட், அதாவது 480 மைக்ரோகிராம் ரெட்டினால். எனவே சொட்டு மருந்தைத் திறக்கும் முன் மூட்டையில் அச்சடித்த எண்ணை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அப்புறம் கால்நடை மருத்துவரிடம் அந்த எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஒருமுறை கல்லீரலில் சேர்ந்தது, சொட்டை நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.