படைக்கல உரிமம்

பேச்சில் ‘கன் லைசென்ஸ்’, செய்தித்தாளில் ‘துப்பாக்கி உரிமம்’, சட்டத் தமிழில் ‘படைக்கல உரிமம்’. துப்பாக்கியோ வெடிமருந்தோ வைத்துக்கொள்ள அரசு தரும் அனுமதியைத்தான் மூன்றும் குறிக்கின்றன.

படைக்கலம் பழைய சொல். ‘படை’ என்றாலே ஆயுதம்தான். ‘படைகொண்டார் நெஞ்சம்போல்’ என்ற குறளில் (253) அந்தப் பொருளில் வருகிறது. சேனை என்றும் பொருள் இருப்பதால் ‘கலம்’ சேர்த்துச் சொல்வது தெளிவு. ஆயுதம் வடசொல். துப்பாக்கி துருக்கியிலிருந்து வந்தது. குண்டைத் துப்புவதால் வந்த பெயர் என்பது பிற்கால ஊகம். ‘துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி’ என்ற குறளில் இருப்பது துப்பு ஆக்கி, அதாவது உணவை உண்டாக்கி.

லைசென்ஸின் வேர் லத்தீனில் ‘அனுமதிக்கப்படுதல்’. அந்த அனுமதி யாருக்குக் கிடைத்தது என்பதில்தான் நம் நாட்டின் கசப்பு இருக்கிறது. 1801இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு, அதே ஆண்டு டிசம்பரில் கம்பெனி அரசு பாளையக்காரர்களின் ஆயுதங்களைக் களையும் அறிவிப்பை வெளியிட்டது. அது நேரடிப் பறிப்பு. 1878இல் வைஸ்ராய் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் அதையே காகிதத்தில் செய்தது: இந்தியருக்கு உரிமம் கட்டாயம், ஐரோப்பியருக்கு விலக்கு. கர்நாடகத்தின் குடகர்களுக்குத் தனிச் சலுகை. அந்தச் சலுகை இன்றும் தொடர்கிறது. ஒரு நாட்டு மக்களையே சந்தேகப் பட்டியலில் வைத்தது அந்த 1878 சட்டம். 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ், இது மக்கள்மேல் சுமத்திய தகாத களங்கம் என்று தீர்மானமே போட்டது.

விடுதலைக்குப் பின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வந்தது. 2019 திருத்தத்தில், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் 3இலிருந்து 2 ஆகக் குறைந்தன. கட்டுப்பாடு வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. 1878இன் குற்றம் கட்டுப்படுத்தியது அல்ல, பிறப்பைப் பார்த்துக் கட்டுப்படுத்தியது.

எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். உரிமம் ‘உரிமை’யிலிருந்து ஆக்கிய சொல்தான், ஆனால் இங்கே உரிமை ஆகாது. நம் அரசியலமைப்பு ஆயுதம் ஏந்துவதை அடிப்படை உரிமையாகத் தரவில்லை; கூட்டம் கூடும் உரிமையைக்கூட ‘ஆயுதமின்றி’ என்றுதான் தருகிறது. அப்புறம், ‘நாட்டுத் துப்பாக்கி’ என்றாலே கள்ளத் துப்பாக்கி என்று எழுதிவிடக்கூடாது. நாட்டுத் துப்பாக்கிக்கு முறையாக உரிமம் பெற்றவர்களும் உண்டு. அனுமதியில்லாததை ‘உரிமமற்ற துப்பாக்கி’ என்று எழுதினால் போதும்.